கதவில்லாக் கல்லூரி

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்குப் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் திரும்புகிற முனையில், "கதவே இல்லாத கல்லூரி, யாரும் வரலாம்" என்று ஒரு போர்டு இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கட்டிடம் முன்பு கடலைக் கிடங்காக இருந்தது. கிடங்குக்கு யாரும் கதவு வைப்பதில்லை, ஷட்டர்தான் வைப்பார்கள். அந்த ஷட்டர் பழுதாகிப் பாதி உயரத்துக்கு மேல் ஏறாது. ஆகவே யாரும் வரலாம், குனிந்து வரவேண்டும்.

கல்லூரியை நடத்தியது பக்கத்தில் இருந்த ஒரு சிமென்ட் ஆலை. ஆலை நிலம் வாங்கியபோது, நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று சொல்லி வாங்கியது. வாங்கி முடித்து, மண்ணைத் தோண்டிக் கல்லை எடுக்கத் தொடங்கிய பிறகு, வேலைக்கு வருகிறவர் தொழிற்சான்றிதழோடு வரவேண்டும், முப்பது வயதாவதற்குள் வரவேண்டும் என்று இரண்டைச் சேர்த்துக்கொண்டது. சான்றிதழுக்கு நாங்கள் எங்கே போவோம் என்று ஜனங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அதற்காகவே சமுதாயக் கல்லூரி திறக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான கல்லூரி, கட்டணம் கிடையாது, ஒரே வருஷப் படிப்பு. ஐந்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. நிலம் கொடுத்த வீடுகளிலிருந்து அதுவரை ஒருவர்கூடப் பாஸ் செய்ததில்லை. முதல்வர் சிவசுப்பிரமணியன் இதைத் தரம் என்று சொல்வார்.

இளையபெருமாளின் அப்பா உத்திராபதி ஊரார் புன்செய்க் காட்டில் கூலி வேலை செய்தே வாழ்ந்தவர். அவருடைய தகப்பனும் அப்படித்தான். அந்த வம்சத்தில் முதன்முதலாகச் சொந்தமென்று ஒன்றரை ஏக்கர் வாங்கியவர் அவர். பருத்தி போட்டார், சோளம் போட்டார். அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று ஆலைக்குத் தெரிந்ததும் அந்த நிலமும் போயிற்று. நிலம் போன மூன்றாம் வருஷம் அவரும் போய்விட்டார். மிஞ்சியது ஆலை தருவதாகச் சொன்ன வேலை ஒன்றுதான். இளையபெருமாளுக்கு அடுத்த ஆனி மாதம் முப்பது வயதாகிறது. இந்த ஒரு வருஷத்தில் சான்றிதழ் வாங்கினால் வேலை, இல்லாவிட்டால் ஒன்றரை ஏக்கரும் வேலையும் இரண்டும் இல்லை. இது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி சுகன்யாவுக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும்.

2002-ஆம் வருஷம் மார்ச் மாதம் அவன் விண்ணப்பம் கொடுத்தான். மாவட்டம் என்று கேட்ட இடத்தில் அரியலூர் என்று எழுதினான். அன்றைக்கு அரியலூர் ஒரு மாவட்டமாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் அரசாங்கம் அதைக் கலைத்துப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. ஜூன் மாதம் போனபோது கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டு செல்லதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீங்க எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க. அந்தா வேப்பமரம் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி."

"ஊரு இருக்கலாம். மாவட்டம் இல்லையே. இல்லாத மாவட்டத்துலேருந்து வர்ற ஆளுக்கு நான் எப்படி சீட்டுப் போடுறது?"

"பெரம்பலூர்னு திருத்திக் குடுத்துடட்டுங்களா?"

"திருத்துனா செல்லாது. புது பாரம் எழுதணும்."

"புது பாரம் குடுங்க சார்."

"பாரம் மார்ச்சோட முடிஞ்சிடுச்சே."

செல்லதுரை கெட்டவர் இல்லை. இந்த மாதிரி இடங்களில் கெட்டவர்களை வேலைக்கு வைப்பதில்லை, அவர்கள் சில சமயம் விதியை மீறிவிடுவார்கள். அவர் அவனை முதல்வரிடம் கூட்டிக்கொண்டு போனார். முதல்வர் மனம் கசிந்தார். "கதவில்லாத கல்லூரியிலிருந்து ஒரு கிராமத்து இளைஞர் திரும்பிப் போவதா? கூடாது" என்றார். வீட்டை விட்டு நகராமலே மாவட்டம் மாறியதற்குத் தான் எந்த வகையிலும் காரணமல்ல என்றும், இனிமேல் படிப்பு முடியும்வரை மாவட்டம் மாறமாட்டேன் என்றும் இளையபெருமாளிடம் எழுதி வாங்கிக்கொண்டு சிறப்பு அனுமதி அளித்தார்.

அடுத்து இடைநிற்றல் சான்று கேட்டார்கள். படிப்பை இடையில் விட்டவர்களுக்கான கல்லூரி அல்லவா, விட்டதற்கு அத்தாட்சி வேண்டும். இளையபெருமாள் ஒன்பதாவது படிக்கும்போது பருத்தி எடுக்கப் போனவன், திரும்பப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டான். அவர் முகம் வாடிவிட்டது.

"நம்ம ஸ்கூல்ல இடைநிற்றலே கிடையாதேப்பா. பதினஞ்சு வருசமா பூஜ்யம். கேடயம்லாம் குடுத்துருக்காங்க, அந்தா பாரு."

"நான் நின்னுட்டேனுங்களே சார். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியலாம். எங்க கணக்குப்படி நீ பத்தாவது வரைக்கும் ஒழுங்கா வந்திருக்க. பரீட்சை அன்னிக்கு மட்டும் ஒடம்பு சரியில்ல. நல்ல பையன்னு பேரு வேற."

தான் நல்ல பையனாகப் பத்தாவது வரை படித்த செய்தி இளையபெருமாளுக்குப் புதிதாக இருந்தது. தலைமையாசிரியர் யோசித்து ஒரு வழி சொன்னார். பழைய வருஷங்களில் கை வைக்க முடியாது. இந்த வருஷக் கேடயத்துக்கு இன்னும் எழுதிப் போடவில்லை. இப்போது ஒன்பதாவதில் சேர்ந்து, முறைப்படி இடையில் நின்றால் சான்று தரலாம்.

மறுநாள் காலை மீசை வைத்த இளையபெருமாள் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்கால் மேஜையில் இடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் முன்பெஞ்சிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அறிவியல் ஆசிரியர் அவனை எழுப்பி இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தான். இடைவேளை மணி அடித்ததும் அவன் வெளியே போனான். தலைமையாசிரியர் வராந்தாவில் சான்றோடு தயாராக நின்றார். "திரும்பி உள்ள போயிடாதப்பா" என்று சொல்லிக் கொடுத்தார்.

மின்பணியாளர் பிரிவில்தான் சேரவேண்டும். ஆலையில் அதற்குத்தான் இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் அவனோடு சேர்த்தே ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பத்துப் பேர் இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்று செல்லதுரை சொன்னார்.

"இல்லேன்னா தையல் பிரிவுல ஒக்காந்துக்குங்க."

"தையல் சர்ட்டிபிகேட்டுக்கு ஆலையில வேல இருக்குங்களா?"

"இல்ல. ஆனா தையல் நல்ல படிப்பு." அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க வூட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி இருக்கா. புள்ள இருக்கு, ஒரு வயசு."

"புள்ள வேணாம். மனைவி பேரு சொல்லுங்க."

மகளிருக்கு எல்லா விதியும் தளர்வு என்பதால் சுகன்யாவின் சேர்க்கை அந்த இடத்திலேயே முடிந்தது. அவளுக்கு மாவட்டம் கேட்கவில்லை, இடைநிற்றலும் கேட்கவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒம் பேரயும் எழுதிட்டு வந்துருக்கேன்."

"நான் எப்படிங்க வர்றது? புள்ளய யாரு பாக்குறது, இத யாரு பாக்குறது?"

"நீ வரவேணாம். பேரு வந்தா போதும்னுட்டாரு."

தொடக்க நாளில் முதல்வர் ஒரு மணி நேரம் பேசினார். வெள்ளைச் சட்டை, கையில் கைக்குட்டை, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து வைப்பார்.

"மற்ற கல்லூரிகள் ஏழைக்கு என்ன தருகின்றன? பூஜ்யம் தருகின்றன. பூஜ்யத்திலிருந்து ஏறிவா என்கின்றன. இது கொடுமை. இங்கே நீங்கள் உள்ளே நுழையும்போதே உங்களுக்கு நூறு மதிப்பெண். உங்களை நாங்கள் அவ்வளவு நம்புகிறோம். அதன்பின் உங்களிடம் காணப்படும் குறைகளை மட்டும் கழித்துக்கொள்வோம். வருஷக் கடைசியில் அறுபது மிஞ்சினால் நீங்கள் பட்டதாரி. எங்கள் ஆசிரியர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவார்கள். அதற்காக அவர்களுக்குத் தனிப் பயிற்சி அளித்திருக்கிறோம்."

இளையபெருமாள் கைதட்டினான். நூறு என்ற எண்ணை அவன் பெயருக்குப் பக்கத்தில் யாரும் அதுவரை எழுதியதில்லை. பாவம், சந்தோஷப்பட்டுவிட்டான். முதல்வர் முடிக்குமுன் தட்டியதற்கு ஒரு மார்க் போயிற்று.

மின்பணி வகுப்பில் மின்சாரம் இல்லை. பாதுகாப்பை முன்னிட்டு அது முதல்வர் அறைக்கு மட்டும் வந்தது. ஆசிரியர் தங்கசாமி கரும்பலகையில் ஒரு பல்பு வரைந்தார், சுவிட்சு வரைந்தார், இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தார். பிறகு சுவிட்சின் மேல் விரலை வைத்து, "இப்ப எரியுது" என்றார். மறுபடி வைத்து, "இப்ப அணைஞ்சிடுச்சு" என்றார். ஒரு மாதம் இது நடந்தது. உண்மையான சுவிட்சுப் பலகை ஒன்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆலையின் அன்பளிப்பு அது, தொட்டால் ஐந்து மார்க்.

"சார், இதெல்லாம் நெசமாவே எரியிறத எப்ப பாப்போம்?" என்று ஒருநாள் இளையபெருமாள் கேட்டுவிட்டான்.

தங்கசாமி வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். "பாடத்துக்கு வெளிய கேக்குறீங்களே" என்று சொல்லி மூன்று கழித்தார்.

வாழ்க்கைத் திறன் என்று இன்னொரு வகுப்பு. நிலத்தை இழந்து, அப்பாவை இழந்து, கூலிக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வாழத் தெரியாது என்று கல்லூரி கண்டுபிடித்திருந்தது. அதை பாக்யலட்சுமி மேடம் நடத்தினார். பெரியவர்களிடம் பேசும்போது தலையைத் தொங்கப் போடக்கூடாது, கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், அதுதான் தன்னம்பிக்கை என்றார். இளையபெருமாள் குனிந்து பேசினான், இரண்டு மார்க் போயிற்று. அன்று சாயங்காலம் முதல்வர் எதிரே வந்தார். அவன் அவர் கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னான். முதல்வர் திகைத்துப்போய் நின்று, முறைத்ததற்காக நான்கு கழித்தார். இதை மேடத்திடம் போய்ச் சொன்னான். மேலதிகாரி மேல் புகார் சொன்னதற்கு இரண்டு போயிற்று.

தோற்றம் என்று ஒரு தலைப்பு இருந்தது. தலையில், சட்டையில், புருவத்தில் வெள்ளையாகத் தூசி இருந்தால் மாதத்துக்கு ஒரு மார்க். ஆலை லாரிகள் ஓடுகிற சாலையில் நடந்து வருகிறவன் வேறு எப்படி வருவான்? ஒருநாள் ஷட்டருக்குக் கீழே குனிந்தபோது செல்லதுரை அவன் தோளைத் தட்டிவிட்டார். அவருக்கு அவன்மேல் இரக்கம் உண்டு.

"கொஞ்சம் சுத்தமா வரக்கூடாதா தம்பி?"

"இது எங்க காட்டு மண்ணுதாங்க சார். லாரியில போறப்ப பறந்து விழுது."

"அது இப்ப கம்பெனி மண்ணு. அதயும் திருடிட்டு வர்றீங்கன்னு எழுதிடுவாங்க, பேசாம இருங்க."

சித்திரை பிறக்கும் முன்னே கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் தேர். அவன் பெயரே அந்தச் சாமியால் வந்தது, போகாமல் இருக்க முடியாது. ஒருநாள் லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுகன்யாவோடு போனான். தேர் நிலைக்கு வரும்வரை அவள் அவன் பக்கத்திலேயே நின்றாள். மறுநாள் வருகை வாசித்தபோது நேற்று இளையபெருமாள் வரவில்லை, சுகன்யா வந்திருந்தாள்.

அவன் செல்லதுரையிடம் போனான். அப்போது அவனிடம் அறுபத்திரண்டு மிஞ்சியிருந்தது.

"சார், வரவர கொறையுது. நான் ஒண்ணும் பண்ணாம செவுத்தோரமா ஒக்காந்து பாத்தேன். ஈடுபாடு இல்லன்னு ஒண்ணு எடுத்துட்டாங்க. பேசாம வராமலே இருந்துடட்டுங்களா?"

"வரலேன்னா வருகை கொறஞ்சிடும் தம்பி."

"சுகன்யா வர்றதில்லையே."

"அவங்க வரலேன்னா பேர அடிக்கணும். பேர அடிச்சா பத்து பேரு இல்ல, வகுப்பே இல்ல, நீங்களும் இல்ல. அதனால அவங்க தினம் வர்றாங்க."

இளையபெருமாளுக்கு இது புரிந்தமாதிரியும் இருந்தது, புரியாதமாதிரியும் இருந்தது. அறுபதுக்குக் குறையாமல் மிஞ்சட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு அவன் மே மாதம் வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிஞ்சியது. வரைந்த பல்பை வரைந்த சுவிட்சால் எரியவிடுகிற தேர்விலும் ஒரு குறையும் வராமல் தப்பினான். பட்டமளிப்பு விழா அன்று காலை அவன் கணக்கில் சரியாக அறுபத்தொன்று இருந்தது. ஐந்து வருஷத்தில் நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்த நாள்வரை அறுபதுக்கு மேலே நின்றது அதுவே முதல் தடவை.

விழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும், வராவிட்டால் கழிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் முன்னாடியே வந்துவிட்டான். மாட்டைக் கட்டி, சோறாக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்து, தூக்குவாளியும் கையுமாகச் சுகன்யா நேரம் கழித்து வந்தாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மாணவர்களுக்கெல்லாம் வாடகைக்கு வந்த கறுப்பு அங்கி போட்டிருந்தார்கள். மே மாத வெயிலில் கிடங்குக்குள் ஒன்பது பேர் கறுப்பில் வெந்துகொண்டிருந்தார்கள். பத்து அங்கிகளில் ஒன்று நாற்காலியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது சுகன்யாவுடையது.

ஆலையின் மனிதவள அதிகாரி சிறப்பு விருந்தினர். திருச்சியிலிருந்து பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க எங்கள் ஆலை துடித்துக்கொண்டிருக்கிறது. நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறோம். தகுதியானவர்கள்தான் கிடைக்கவில்லை. எங்கள்மேல் தப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக நாங்களே கல்லூரி வைத்து, நாங்களே சொல்லிக் கொடுத்து, நாங்களே பரீட்சையும் வைத்துப் பார்த்துவிட்டோம். அப்படியும் கிடைக்கவில்லை. இதற்குமேல் ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்? உங்கள் நிலத்தை நாங்கள் நெஞ்சிலே வைத்திருக்கிறோம்."

இளையபெருமாள் சிரித்துவிட்டான். வேண்டுமென்று சிரிக்கவில்லை. அவ்வளவு ஆழமாகத் தோண்டிய ஒன்றரை ஏக்கர் அந்த மனிதர் நெஞ்சில் எங்கே இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான். பாக்யலட்சுமி மேடம் திரும்பிப் பார்த்தார். விருந்தினர் பேசும்போது சிரித்ததற்கு இரண்டு மார்க். ஐம்பத்தொன்பது.

அவன் அங்கிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது, அதற்கும் கழிப்பார்கள் என்று விழுங்கினான். இத்தனை நாள் மூச்சையே அடக்கிக்கொண்டு இருந்தவன், ஒரு சிரிப்பில் அப்பா விட்டுப்போன ஒரே சொத்தைத் தொலைத்துவிட்டோமே என்று நொந்துபோனான்.

அப்போது முதல்வர் எழுந்து, முடிவுகளை வாசிக்கிறேன் என்றார். ஒன்பது பேர் தேறவில்லை என்று வாசித்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"ஆனால் இந்த ஆண்டு நமக்கு ஒரு தங்கமகள் கிடைத்திருக்கிறார். நூறுக்கு நூறு. வருகை முழுமை. ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. ஒரு கருவியையும் தொட்டதில்லை. ஒரு கேள்வியும் கேட்டதில்லை. உடையில் ஒரு பொட்டுத் தூசி இருந்ததில்லை. இப்படி ஒரு மாணவியை என் வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை. செல்வி... திருமதி சுகன்யா இளையபெருமாள்."

வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றது முழு உண்மை. மேடையில் இருந்த அதிகாரியின் முகம் சுருங்கியது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சுகன்யாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இளையபெருமாள் திரும்பி அவளைப் பார்த்தான். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றுதானே சொன்னார்கள், அது யாராக இருந்தால் என்ன? "போ, போ புள்ள" என்று கையைக் காட்டினான்.

அவள் பிள்ளையை இடுப்பிலும் தூக்குவாளியைக் கையிலுமாக வைத்துக்கொண்டு மேடையேறினாள். அதிகாரி சான்றிதழைக் கொடுத்தார், வேறு வழி இல்லை, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார். பிள்ளை உடனே அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"சார், நிலம் கொடுத்த வீடுதானே, இவங்களுக்கு எப்ப வேலை?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கீழேயிருந்து கேட்டார்.

"நிச்சயமாக, உரிய காலத்தில்" என்றார் அதிகாரி. அவருக்கு வேர்த்தது.

முதல்வர் பெருமையோடு மைக்கை அவள் பக்கம் நீட்டினார். "இந்த வெற்றியின் ரகசியத்தை இரண்டு வார்த்தையில் சொல்லம்மா."

சுகன்யா மைக்கைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"ரகசியம்லாம் ஒண்ணுமில்லைங்க. நான் வந்ததே இல்ல. எங்க வூட்டுக்காரருதான் வெயில்னும் மழைன்னும் பாக்காம தினம் வந்தாரு. நான் இந்த எடத்தையே இன்னிக்கித்தான் பாக்குறேன்." பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஆனா வேலன்னு குடுத்தா வந்துடுவேங்க. ஒருநாள்கூட வராம நிக்கமாட்டேன். குடுங்க சார்."

பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். முதல்வர் ஒரு கணம்தான் தடுமாறினார். "பார்த்தீர்களா, இதுதான் தன்னடக்கம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதிகாரி முதல்வரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். செல்லதுரையைக் கூப்பிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். செல்லதுரை தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்று ஆட்டினார். முதல்வர் மறுபடி மைக்குக்கு வந்தார்.

"ஒரு சிறிய விளக்கம். பட்டமளிப்பு நாளும் கல்லூரிக்கு வேலை நாள்தான். இன்றைய குறைகளையும் கழித்தாக வேண்டும். மாணவி தாமதமாக வந்தார். அங்கி அணியவில்லை. செருப்போடு மேடையேறினார். கல்விக்கூடத்துக்குக் குழந்தையையும் உணவுப் பாத்திரத்தையும் கொண்டுவந்தார். தலையில் தூசி இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பதினைந்து. அதோடு, கல்லூரியின் வருகைப் பதிவுக்கு மாறாகப் பொதுமேடையில் பேசினார். அவர் சொன்னது பொய் என்றால், பொய்க்கு நாற்பது. மெய் என்றால், வராத மாணவிக்கு நூறையும் கழிக்க வேண்டும். இது கருணையுள்ள கல்லூரி. நாற்பதே போதும் என்று முடிவு செய்கிறோம். மிச்சம் நாற்பத்தைந்து. மாணவி தேர்ச்சி பெறவில்லை."

சுகன்யா அதற்குள் மேடையிலிருந்து இறங்கி இரண்டாவது படியில் கால் வைத்திருந்தாள். செல்லதுரை ஓடிவந்து மறித்தார்.

"தாங்கம்மா. அது பாஸ் பண்ணுனவங்களுக்கு."

அவள் சான்றிதழைக் கொடுத்தாள். பதக்கத்தைப் பிள்ளை விடவில்லை. செல்லதுரை பொறுமையாக அதன் வாயிலிருந்து பிடுங்கி, எச்சிலைத் தன் வேட்டியில் துடைத்தார். பிள்ளை வீறிட்டு அழுதது. விழாவின்போது அழுததற்குக் கழிக்க அதற்குக் கணக்கு இல்லை, சேர்க்கையின்போது புள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே.

அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் வந்து, "பாருங்கள், வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். தகுதியானவர்கள்தான் கிடைக்கவில்லை" என்றார். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் அதுதான் வந்தது.

ஷட்டருக்குப் பக்கத்தில் முதல்வர் இளையபெருமாளின் தோளில் கை வைத்தார். "மனம் தளராதே. அடுத்த மாதம் சேர்க்கை தொடங்குகிறது. மறுபடியும் உனக்கு நூறு."

"எனக்கு ஆனியில முப்பது வயசாயிடுதுங்க சார். அப்பறம் வேல இல்லம்பாங்க."

"வேலைக்காகவா படிப்பது?" என்றார் முதல்வர். அந்தக் கேள்வியில் அவருக்கு உண்மையான வேதனை இருந்தது. அவர் வேலையில் இருந்தார்.

இருவரும் குனிந்து வெளியே வந்து நடந்தார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து அவன் தோளில் தூங்கிப்போயிற்று. கல் லாரி ஒன்று கடந்து போய் மூன்று பேரையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனது. சாலை வளைகிற இடத்தில் அவர்கள் காடு இருந்த பள்ளம் வந்தது. இப்போது வேலி போட்டிருந்தார்கள். கீழே, வெகு கீழே, பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சுகன்யா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, மாமா நெலத்த எழுதிக் குடுத்தாரே, அன்னிக்கு ஆலைக்காரங்க அவருகிட்ட என்ன சர்ட்டிபிகேட்டு கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. கைநாட்டு போதும்னாங்க. மைகூட அவங்களே வூட்டுக்குக் கொண்டாந்தாங்க."